அண்ணை சொன்ன சீனப் படங்கள்

எங்கள் ரீவியின் அடியில் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. நான்கு விரல் அகலம் இருக்கும். நாங்கள் வேலை செய்த கோழித் தொழிற்சாலையின் பெட்டியிலிருந்து வெட்டியது. உற்றுப் பார்த்தால் அதில் அரைக் கோழி ஒன்றின் படம் தெரியும். திரையின் கீழ்ப்பக்கத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை அது மறைத்துக்கொண்டிருந்தது. ஹொங்கொங் படங்களின் அடியில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் ஓடும். எங்கள் வீட்டில் அவை அந்த அட்டைக்குப் பின்னால் ஓடி முடிந்துவிடும்.

ஒட்டியவர் அண்ணை. பழைய கசெற்றில் கீழ்ப்பக்கம் முழுக்கக் கோடு விழும், அது கண்ணுக்குக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். கோடு விழுவது உண்மைதான். அதனால் நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுத்து எங்களுக்குத் தேவையாகவும் இருக்கவில்லை. படத்தைச் சொல்ல அண்ணை இருந்தார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 1991இல் ஸ்பிரிங்வேல் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். அண்ணை, குகன், நான். அண்ணைக்கு ஐம்பது கிட்ட. குகனுக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பதைத் தொடவில்லை. மூவருக்கும் டண்டினொங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. நாங்கள் இருவரும் வெட்டுகிற வரிசையில் நிற்போம். அண்ணை குளிர் அறையில். அங்கே நிற்பவர்கள் வாயைத் திறக்கவே பஞ்சிப்படுவார்கள். அண்ணை கிழமை முழுவதும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரீவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொட்டினார்.

பதினொரு வருடம் கப்பலில் ஓடியவர். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை. ஒருமுறை கப்பல் பழுதாகி ஹொங்கொங்கில் நான்கு மாதம் நின்றதாம். அந்த நான்கு மாதத்தில் சீனம் படித்துவிட்டதாகச் சொல்வார். நாங்கள் நம்பினோம். நம்பாமல் சோதித்துப் பார்க்க எங்களிடம் சீனம் இருக்கவில்லை.

படம் போட்டதும் ஒரு சின்ன முக்காலியை ரீவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எங்களைப் பார்த்தபடி இருப்பார். திரையை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். யார் வாயைத் திறந்தாலும் அந்த வாய்க்கு அவரிடம் தமிழ் இருந்தது. அரசனுக்கு நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற குரல். அரசிக்கு மூக்கால். கள்ளக் கூட்டத்துத் தலைவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால், "தம்பி, நீ எங்கட ஆள் இல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும்" என்று மெதுவாகச் சொல்வார். எங்களுக்கு முதுகு சில்லிடும். நடிகர்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. நெற்றி பெரிய ஒருவர் எல்லாப் படத்திலும் வருவார். அவர் நெத்திக்காரன். கன்னத்தில் மச்சம் உள்ளவள் மச்சக்காரி. "இண்டைக்கு நெத்திக்காரன் பொலிஸ். போன கிழமை மாதிரிக் கள்ளன் இல்லை, கவனமாப் பாருங்கோ" என்று சொல்லித்தான் தொடங்குவார்.

பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகளோடு வந்துவிடும். நிலத்தில் பாய் விரித்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இருப்போம். சீனத்துக் கிராமம், மழை, நூடில்ஸ் கடை, சட்டியிலிருந்து எழும்புகிற ஆவி. அந்தக் கடையில் எதிர் எதிரே இருந்து சாப்பிடுகிற ஒரு ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் ஒன்றுமே பேசமாட்டார்கள். அந்த ஐந்து நிமிடமும் அண்ணை பேசுவார். அவன் மனதில் நினைக்கிறதை அவன் குரலிலும் அவள் நினைக்கிறதை அவள் குரலிலும் சொல்வார். எனக்குப் பெண்களோடு கதைக்கத் தெரியாது. கலியாணம் கட்டிய பிறகு மனைவியோடு தனியாக இருக்கும்போது, அண்ணை அந்த ஆளுக்குச் சொன்ன வசனங்களில் இரண்டு மூன்று எனக்கு உதவியிருக்கின்றன.

ஆனால் அவருடைய படங்களில் யாரும் சாவதில்லை.

இது எங்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் சென்றது. நெத்திக்காரன் ஆறு வெடி வாங்கி மழைக்குள் கிடப்பான். சட்டை முழுக்க இரத்தம். கூட்டாளி அவனை மடியில் போட்டுக் கத்துவான். அண்ணை, "காயம்தான். அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டினம்" என்பார். அம்புலன்ஸ் வராமலே படம் முடியும். அது அடுத்த பாகத்தில் வரும் என்பார். அரண்மனையில் அரசி கிண்ணத்தில் எதையோ குடித்துவிட்டுச் சரிவாள். "நித்திரைக் குளிசை. மூண்டு நாளால எழும்பி மகன் வீட்டை போயிடுவா." காதலி கைலேஞ்சிக்குள் இருமி, அதில் சிவப்பாக ஏதோ தெரியும். "குளிர் ஒத்துவரேல்லை. வெயில் ஊருக்கு அனுப்பப் போறாங்கள். எங்கட குவின்ஸ்லாந்து மாதிரி ஒரு இடம்." அப்படியென்றால் காதலன் ஏன் இப்படி அழுகிறான் என்று வந்திருந்த அன்ரி ஒருவர் கேட்டார். "ரிக்கற் கிடைச்ச சந்தோசத்தில" என்றார் அண்ணை. குகன் பாயில் விழுந்து சிரித்தான்.

குகனுக்கு எதற்கும் சிரிப்பு வரும். தாய்க்கு ஒரே பிள்ளை. தகப்பன் சின்ன வயதிலேயே இல்லை. தாய் யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். அகதி விண்ணப்பம் சரிவந்தால் தாயைக் கூப்பிடுவதுதான் அவனுடைய ஒரே எண்ணம். தாய்க்கென்று கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, விலைத்துண்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு மேலே கொழுவி வைத்திருந்தான்.

அண்ணை படக் கசெற் வாடகைக்கு எடுக்கிற கடைக்கு நான் ஒருமுறை அவரோடு போனேன். மரக்கறியும் காய்ந்த மீனும் விற்கிற கடை. பின்பக்கத்தில் கூரைவரைக்கும் கசெற்றுகள், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கவர், முதுகில் பேனையால் எழுதிய சீன எழுத்து. வியட்நாமிலிருந்து வந்த சீனப் பெண் ஒருவர் கடையை நடத்தினார். அண்ணை அவரோடு சீனத்தில் பொரிந்து தள்ளப்போகிறார் என்று நான் நின்றேன். அவர் ஒரு கசெற்றைத் தூக்கிக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில், இதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி பழக்கம் போல. யோசித்து நான்கு விரலைக் காட்டினார். யார், எந்த இடத்தில் என்று அண்ணை கேட்டார். அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டும், இருமிக் காட்டியும் சொன்னார். அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கடவை கடக்கும்போது, "நாலு பேர். கொஞ்சம் கஷ்டம்தான். எண்டாலும் செய்யலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதை நான் குகனுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு விசயத்தை எங்கே தொடங்குவது என்று நான் யோசித்து முடிக்கும்போது எதிரே நின்றவர் போயிருப்பார்.

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. குகன் ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தான். ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கொழும்பிலிருந்து குகனுடைய மாமா. அவனில்லை என்றேன். மாமா தன் தங்கச்சி, அதாவது குகனின் தாய், போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். காய்ச்சல். மருந்து இல்லை. ஆள் வந்து செய்தி சொல்ல இவ்வளவு நாளாம். பெறாமகன் ஒருவன் கொள்ளி வைத்திருக்கிறான். "நீங்கள் தம்பியைப் பக்குவமா இருத்திச் சொல்லவேணும்" என்றார்.

பொறுங்கோ என்று சொல்லி ரெலிபோனை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டேன்.

அந்த ஒன்றைத்தான் நான் செய்தேன். பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், எழுதவும் வேண்டாம்" என்று சொல்லி வைத்தார். மத்தியானம் குகன் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னார்.

"மாமா எடுத்தவர். அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டினமாம்."

குகன் நிமிர்ந்து பார்த்தான். "கொழும்புக்கோ? அம்மாவோ? படலையைத் தாண்டாத மனிசி."

"மருந்து எடுக்கத்தானே. இனி மாமா வீட்டைதான் நிப்பா."

குகனின் முகம் மலர்ந்தது. கொழும்பென்றால் இங்கே கூப்பிடுவது பாதி முடிந்த மாதிரி என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனான்.

அன்று பின்னேரம் பின்வளவில் உடுப்புக் காயவிடும்போது நான் அண்ணையிடம் போய் நின்றேன். அவரே சொன்னார். வருகிற வெள்ளி குகனுக்கு அகதி விண்ணப்ப நேர்முகம். இதைக் கேட்டுவிட்டு அங்கே போய் அவன் என்ன பேசுவான், அது முடியட்டும். நான் தலையாட்டினேன். சரியாகத்தான் பட்டது.

நேர்முகம் முடிந்தது. மறுநாள் சொல்வார் என்று இருந்தேன். மறுநாள் குகனுக்குத் தலையிடி. அதற்கடுத்த நாள் ஞாயிறு, படம். அடுத்த கிழமை நானே கேட்டேன். எனக்கு அது பெரிய காரியம்.

"அண்ணை, எப்ப சொல்லப் போறியள்?"

அண்ணை சேட்டை உதறிக் கொடியில் போட்டார். "கப்பலில நிக்கேக்க எனக்கு ஒரு தந்தி வந்தது. இஞ்சின் ரூமுக்குள்ள கொண்டுவந்து தந்தாங்கள். அப்பாவைப் பற்றி. இங்கிலிஷில ரெண்டே ரெண்டு சொல்லு." உடுப்பு ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "அறுவது வருசம் சீவிச்ச மனிசன். ரெண்டு சொல்லில முடிச்சுப் போட்டாங்கள். என்னால ஏலாது தம்பி. உனக்கு ஏலுமெண்டால் நீ சொல்லு."

எனக்கும் ஏலாது என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு அண்ணை எங்கள் வீட்டையே ஒரு படம் மாதிரி நடத்தத் தொடங்கினார். தனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருப்பதாகச் சொல்லிச் சமையலைக் கையில் எடுத்தார். வீட்டில் மச்சம் மாமிசம் நின்றது. நாள் முழுக்கக் கோழி வெட்டிவிட்டு வந்து பருப்பும் கீரையும் சாப்பிட்டோம். சாவுத் துடக்கு உள்ளவன் கோயிலுக்குப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அண்ணையின் கார் பழுதானது. சனிக்கிழமை தானாகத் திருந்தியது. குகன் மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தால் தாய் கோயிலுக்குப் போயிருப்பார், அல்லது மருந்து குடித்துவிட்டு நித்திரையாக இருப்பார். மாமாவையும் அண்ணை பழக்கிவிட்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. தபால் பெட்டியை இப்போது அண்ணைதான் திறப்பார்.

ஒருநாள், மீசையை எடுத்துவிடு என்று குகனுக்குச் சொன்னார். மேற்பார்வையாளர் முறுமுறுக்கிறாராம், இறைச்சிக்குள் மயிர் விழுந்தால் வேலை போய்விடுமாம். "அப்ப உங்கட மீசை?" என்றான் குகன். "குளிர் அறையில மயிர் கொட்டாது" என்றார் அண்ணை. குகன் சிரித்துக்கொண்டே மழித்தான். கண்ணாடியில் பார்த்து, அம்மா இப்போது கண்டால் அடையாளம் தெரியாமல் துரத்திவிடுவா என்றான்.

மறுநாள் காலை எங்களை மோர்டியலக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தன் தாயின் திவசம் என்றார். கூடையில் எள்ளு, சோற்று உருண்டை, பூ, ஒரு வாழையிலை. நான் வேலைக் கலண்டரில் மாமா சொன்ன செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணி வைத்திருந்தேன். முப்பத்தொராம் நாள். ஊரில் செத்தவருக்கு அந்தியேட்டி செய்கிற நாள்.

நல்ல குளிர். கடற்கரையில் நாயோடு நடக்கிற ஒரு கிழவரைத் தவிர யாரும் இல்லை. அண்ணை முழங்காலைத் தடவினார்.

"எனக்குத் தண்ணிக்குள்ள இறங்க ஏலாது. நீ எனக்காகச் செய், குகன்."

"நான் செய்தால் உங்கட அம்மாவுக்குப் போய்ச் சேருமோ?"

"ஆர் செய்தாலும் தாய்க்குத்தான் சேரும்."

குகன் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார், விட்டான். தாயை நினைக்கச் சொன்னார். "ஆற்ற தாயை? உங்கட தாயை எனக்குத் தெரியாதே" என்றான். உன் தாயையே நினை, பிழையில்லை என்றார் அண்ணை. குகனுக்குக் கால் விறைத்தது. பல் அடித்துக்கொண்டே பகிடி விட்டான். இவ்வளவு குளிருக்குள் நிற்கிறதுக்கு உங்கள் அம்மா மேலேயிருந்து எனக்கொரு பொம்பிளை பார்த்துத் தரவேண்டும் என்றான். ஊரில் காகம் வருகிற மாதிரி இங்கே கடற்பறவைகள் வந்தன. ஐந்தாறு சேர்ந்து, இலையோடு சோற்றை இழுத்துச் சண்டை பிடித்துத் தின்றன.

"அண்ணை, உங்கட அம்மாவுக்கு நல்ல பசி" என்று கத்தினான் குகன்.

அண்ணை மறுபக்கம் திரும்பி நின்றார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம். இன்னும் அவன் தண்ணீருக்குள்தான் நின்றான். இலையில் இன்னும் ஒரு பிடி சோறு இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வரும் வழியில் குகன் சூடாகச் சிப்ஸ் வாங்கித் தந்தான்.

அதன்பின் மீசை திரும்ப வளர்ந்தது. வீட்டில் மீன் வந்தது. கார் வெள்ளிக்கிழமைகளிலும் ஓடியது. அண்ணை படங்களை முன்னைவிட நன்றாகச் சொன்னார். ஒரு சரித்திரப் படத்தில் ஒரு முழு ஊரையே எரித்தார்கள். அண்ணை அத்தனை பேரையும் சுரங்க வழியால் வெளியே கொண்டுபோய்விட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு. மழை. பக்கத்துத் தெருக்காரர் வரவில்லை. நாங்கள் மூவர்தான். படமும் சரித்திரம். பல வருடம் போருக்குப் போன ஒருவன் குதிரையில் ஊர் திரும்புகிறான். அண்ணை படத்தை ஓடவிட்டு, முதல் கொஞ்சத்தைச் சொல்லிவிட்டு, அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று வடை போடக் குசினிக்குள் போனார். அங்கேயிருந்தே எட்டிப் பார்த்துக் கதையைச் சொன்னார்.

குகன் எழும்பிப்போய் அட்டையை உரித்தான். ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆங்கில வகுப்பில், படத்தின் எழுத்தை வாசித்துப் பழகச் சொல்லியிருந்தார்களாம். திரையின் முன்னால் சப்பாணி கட்டி இருந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படத்தில் அந்த ஆள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பக்கத்து வீட்டுக் கிழவி வந்து ஏதோ சொல்கிறாள். குசினிக்குள்ளிருந்து கிழவியின் குரலில் அண்ணை சொன்னார்: "தம்பி, கொம்மா தமையன் வீட்டை போயிட்டா. நல்ல சுகமா இருக்கிறா."

குகன் சிரித்தான். "அண்ணை, தாய் போன மாரியிலயே செத்துப்போனா எண்டெல்லோ எழுதிக்கிடக்கு."

குசினியில் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதினொரு வருசம் கப்பலில ஓடிப் படிச்ச சீனமோ இது? அப்ப அந்த நெத்திக்காரன், ஆறு வெடி வாங்கினவன்? அம்புலன்ஸ் வரேல்லை என்ன? குவின்ஸ்லாந்துக்குப் போனவள்?" அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எல்லாரையும் சாக்குடுத்துப்போட்டு எங்களுக்கு வேற கதை சொல்லியிருக்கிறியள். தமையன் வீட்டை போயிட்டாவாம், சுகமா—"

அந்தச் சொல்லோடு நிறுத்தினான்.

அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்க் கரண்டி. குகன் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

"மச்சான், அம்மா எங்க?"

நான் பாயைப் பார்த்தேன். பாயில் சிவப்புக் கோடு ஒன்று, பச்சைக் கோடு ஒன்று. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் நிமிராமல் இருந்ததிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?" என்று அண்ணையைக் கேட்டான்.

அண்ணை அறைக்குள் போய் ஒரு வெள்ளைக் கசெற் கவரை எடுத்து வந்தார். அதற்குள் இரண்டு கடிதங்கள் இருந்தன. உடைக்கவில்லை. குகன் வாங்கி, உறையில் இருந்த திகதி முத்திரையைப் பார்த்தான். விரலை மடித்து எண்ணினான். எண்ணி முடிந்தபோது கை மேலுதட்டுக்குப் போனது. மீசையைத் தடவினான்.

"அந்தக் கடற்கரை" என்றான்.

"எல்லாம் முறையாத்தான் செய்தது, குகன். ஒண்டும் விடேல்லை" என்றார் அண்ணை.

"நான் பகிடி விட்டுக்கொண்டெல்லோ நிண்டனான். நல்ல பசி எண்டு சொன்னனான்." குரலை உயர்த்தவில்லை. "நான் அழாமல் செய்துபோட்டன், அண்ணை."

அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். எந்த வாய்க்கும் வசனம் வைத்திருந்த மனிதர். ஒன்றும் வரவில்லை. படத்தில் அந்த ஆள் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். யாரும் ரீவியை நிறுத்தவில்லை.

அடுத்த கிழமை குகன் சிட்னிக்குப் போனான். அங்கே ஒரு கூட்டாளி இருந்தான். போகும்போது கம்பளிச் சட்டையை எடுக்கவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரேசன்வரை போனேன். ரெயில் வந்தபோது சொன்னான்: "அவர் அப்பிடித்தான். அவற்ற படத்தில சாகிறேல்லை. உனக்கு என்ன வந்தது?"

நான் பையை அவன் கையில் கொடுத்தேன்.

அண்ணை அதற்குப் பிறகும் படம் எடுத்து வந்தார். அட்டையைத் திரும்ப ஒட்டவில்லை. பிசின் அடையாளம் மட்டும் ரீவியில் கிடந்தது. முக்காலியையும் போடவில்லை, எங்களைப் போலப் பாயில் இருந்து பார்த்தார். பிள்ளைகள் கதை கேட்டு நச்சரித்தார்கள். "எழுத்து ஓடுதுதானே. வாசியுங்கோ" என்றார். இரண்டு மூன்று ஞாயிறுகளில் அவர்கள் வருவது நின்றது. வெடி வாங்கியவர்கள் எங்கள் வீட்டில் செத்தார்கள்.

நான் கலியாணம் முடித்து வெரிபீக்கு வந்துவிட்டேன். அண்ணை டண்டினொங்கில் ஒரு சின்ன யூனிற் வீட்டில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை போவேன். கசெற் போய் டிவிடித் தட்டு வந்தது. கடைக்காரப் பெண்ணுக்கும் வயதாகிவிட்டது, ஆனால் அவர் அண்ணைக்கென்று எடுத்து வைப்பார். அண்ணை இப்போது எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்பதில்லையாம். நாங்கள் இருவரும் பேசாமல் இருந்து படம் பார்ப்போம். புறப்படும்போது கதவடியில் அவர் எப்போதும் ஒரே கேள்வி கேட்பார்: "அவன் எப்பிடி இருக்கிறான்?" சுகம் என்பேன். குகன் சிட்னியிலிருந்து வருடத்தில் ஒருமுறை, தாயின் திவசத்தன்று எனக்கு எடுப்பான். கதைத்து முடிகிற நேரம் கேட்பான்: "அவர் எப்பிடி?" சுகம் என்பேன். பதினெட்டு வருடம் நான் இந்த ஒரு சொல்லை அங்கேயும் இங்கேயும் கொண்டுபோனேன். ஒருவரின் நம்பரை மற்றவரிடம் கொடுத்து, கதையுங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன்.

2009இல் ஒரு திங்கட்கிழமை காலை அண்ணைக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து யூனிற்காரர் அம்புலன்ஸுக்கு அடித்தார். அது உடனே வந்தது. நான் வெரிபீயிலிருந்து காரில் போய்ச் சேர்ந்தபோது தாதி என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். அவர் அதையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் சொன்னார். சில சொற்கள்தான்.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றேன். அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. யாருக்கு முதலில் சொல்லவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எப்படிச் சொல்வதென்று வசனத்தைப் பாடமாக்கினேன். குகன், அண்ணை செத்துப்போனார். நாலு முறை சொல்லிப் பார்த்தேன். நம்பரை அழுத்தினேன். அவன் வேலையில் இருந்தான், பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், இந்த நேரத்தில?"

"குகன்" என்றேன். "அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை. ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டு வந்திருக்கு."

நடந்துபோகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தியது. இயந்திரச் சத்தம் நின்றது.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.

"ஒன்பதரைக்கு" என்றேன்.